ஆர்குட் ஆல்பம் எங்கே போச்சு? தாராவி முதல் செம்பூர் வரை தொலைந்த படங்களின் கணக்கு

உங்களுக்கு இப்போது முப்பதுகளில் வயது என்றால், ஒரு சின்ன சோதனை. 2007-இல் நீங்களோ உங்கள் அண்ணனோ அக்காவோ ஆர்குட்டில் போட்ட ஒரு படத்தை இப்போது எடுத்துக் காட்ட முடியுமா? பெரும்பாலானோரால் முடியாது. அதே வீட்டில், 1980-களில் நடந்த அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பம் பீரோவில் இருக்கும். ஓரம் மஞ்சளாகியிருக்கலாம், படங்கள் பிளாஸ்டிக் உறையோடு ஒட்டிப் போயிருக்கலாம். ஆனாலும் இருக்கும்.

"பழைய ஆர்குட் மாதிரி வராதுப்பா", "இன்ஸ்டாகிராம் முன்னாடி எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்று நண்பர்கள் பேச்சில் அடிக்கடி ஒரு பெருமூச்சு வருகிறது. வயசாகிறது என்று சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஆனால் அந்தப் பெருமூச்சுக்குள் இரண்டு தனித்தனி இழப்புகள் இருக்கின்றன. ஒன்று, படங்களைப் பகிர்ந்துகொண்ட விதம் மாறிவிட்டது. இன்னொன்று, படங்களே போய்விட்டன. முதலாவதைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். இரண்டாவதில் இன்னும் கொஞ்சம் காப்பாற்றலாம். மும்பைத் தமிழர்களுக்கு, குறிப்பாக தாராவியில் வளர்ந்தவர்களுக்கு, அதற்கு ஓர் அவசரமும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எப்படி ஆரம்பித்தது?

இரண்டு சேவைகளும் ஒரே வருடத்தில், மூன்று வார இடைவெளியில் வந்தவை. 2004 ஜனவரி 24-ஆம் தேதி ஆர்குட். கூகுளில் வேலை பார்த்த ஆர்குட் புயுக்கோக்டென் உருவாக்கியதால் அவர் பெயரே தளத்துக்கும் வந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் கனடாவின் வான்கூவரில் இருந்து ஃப்ளிக்கர். ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் கேட்டரீனா ஃபேக்கும் ஓர் ஆன்லைன் விளையாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு ஓடவில்லை, அதற்காக யோசித்த படம் பகிரும் வசதி ஓடிவிட்டது. 2005 மார்ச்சில் யாஹூ அதை வாங்கியது. 2006 ஜூனில் கூகுள் பிகாசா வெப் ஆல்பம்ஸைக் கொண்டுவந்தது.

நம்மூரில் ஆர்குட்தான் ராஜா. பிரேசிலும் இந்தியாவும்தான் அதன் இரண்டு கோட்டைகள். 2010 ஜூலையில்தான் ஃபேஸ்புக் இந்தியாவில் ஆர்குட்டை முந்தியது என்று காம்ஸ்கோர் நிறுவனத்தின் கணக்கு சொல்கிறது. அந்த மாதம் ஃபேஸ்புக்குக்கு வந்தவர்கள் 2.09 கோடி, ஆர்குட்டுக்கு வந்தவர்கள் 1.99 கோடி. இன்றைய எண்களோடு ஒப்பிட்டால் இது ஒரு சின்ன ஊர். அந்தச் சின்ன ஊரில்தான் நம்மில் பலர் முதல் முறையாக நம் முகத்தை இணையத்தில் பார்த்தோம்.

அப்போதைய படங்களின் அளவும் சின்னதுதான். நோக்கியா 6600 ஞாபகம் இருக்கா? அதன் கேமரா விஜிஏ. 640-க்கு 480, அதாவது ஒரு படத்துக்கு 3,07,200 புள்ளிகள். இன்று சாதாரண போனில் வரும் 12 மெகாபிக்சல் படத்தில் அதைப்போல சுமார் 40 மடங்கு புள்ளிகள். போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற டேட்டா கேபிள் வேண்டும், இல்லாவிட்டால் ப்ளூடூத். அப்லோட் செய்ய சைபர் கஃபே. மணிக்கணக்கில் காசு. ஒரு படம் மேலே போய்ச் சேர்வதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம்.

ஆர்குட் ஆரம்பத்தில் ஒருவருக்கு 12 படங்களுக்கு மேல் அனுமதிக்கவில்லை. பழைய ஸ்டுடியோ கேமராக்களில் போட்ட 120 ரோலில் சதுரப் படம் எடுத்தால் அதிலும் 12 படம்தான். அப்பா காலத்து ரோலும் ஆர்குட்டும் ஒரே எண்ணில் வந்து நின்றது தற்செயல். ஆனால் விளைவு ஒன்றுதான்: எதைப் போடலாம் என்று யோசித்துத்தான் போட்டோம். பிறகு அந்த வரம்பு பல மடங்கு உயர்ந்தது.

மும்பைத் தமிழர்களுக்கு அது என்னவாக இருந்தது?

தாராவிக்குத் தமிழர்கள் வரத் தொடங்கியது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்கள் முன்னோடிகள். மாட்டுங்காவில் அலுவலக வேலைக்கு வந்த குடும்பங்கள் கோயிலும் சங்கீத சபாவும் பள்ளியும் கட்டிக்கொண்டன. அங்கிருந்து வளர்ந்த அடுத்த தலைமுறையில் பலர் செம்பூரில் குடியேறினார்கள். சேடா நகர் முருகன் கோயில் இன்று அந்தப் பகுதியின் அடையாளம். மூன்று இடங்களுக்கும் வருமானம் வேறு, சாதி வேறு, வீட்டின் அளவும் வேறு. பொதுவாக இருந்தது ஒன்று: எல்லோருக்கும் 'ஊர்' என்று இன்னோர் இடம் இருந்தது.

ஊருக்கும் மும்பைக்கும் இடையே படம் போகும் வழி அதுவரை தபால் உறைதான். ஸ்டுடியோவில் எடுத்த படத்தைக் கடிதத்தோடு வைத்து அனுப்புவார்கள். இல்லாவிட்டால் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார்கள். அந்த உறையின் வேலையைத்தான் ஆர்குட்டும் பிகாசாவும் எடுத்துக்கொண்டன. 90 அடி சாலையில் வரிசையாகப் பானை வைத்துப் பொங்கிய படம் அன்றைக்கே திருநெல்வேலி பிரவுசிங் சென்டரில் திறந்தது. மரைன் டிரைவ் சுவரில் உட்கார்ந்து, கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் நின்று எடுத்த படங்களுக்குக் கீழே சித்தப்பா மகன் கமென்ட் போட்டான். உங்கள் புரொஃபைலில் தோழி 'டெஸ்டிமோனியல்' எழுதினாள். பார்த்தவர்கள் அதிகம் போனால் நூறு பேர். அந்த நூறு பேருக்கும் உங்களைத் தெரியும்.

ஃப்ளிக்கர் வேறு உலகம். கேமரா வாங்கியவர்கள், படமெடுப்பதைப் பொழுதுபோக்காகச் செய்தவர்கள் அங்கே இருந்தார்கள். முகம் தெரியாதவர்களும் பார்க்கட்டும் என்றுதான் போட்டார்கள். அதன் பலம் மும்பையில் ஒரு கொடூரமான இரவில் தெரிந்தது. 2008 நவம்பர் 26 தாக்குதலின்போது, நகரவாசி ஒருவர் கேமராவோடு தெருவில் இறங்கி எடுத்த நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் ஃப்ளிக்கரில் ஏறின. டிவி சேனல்களுக்குப் போட்டியாக உலகம் அவற்றைப் பார்த்தது. சாதாரண மனிதர்களின் படம் செய்தியாக மாறியதற்கு இன்றும் உதாரணமாகச் சொல்லப்படும் நிகழ்வுகளில் ஒன்று அது.

அப்போ எதுக்காக ஏங்குகிறோம்?

பாதிக் காரணம் நம் வயசு. பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவைதான் பிற்காலத்தில் மனிதர்களுக்கு அதிகம் நினைவில் நிற்கின்றன என்று உளவியல் ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருகின்றன. 2007-இல் பதினெட்டு வயதாக இருந்தவருக்கு ஆர்குட் இனிக்கத்தான் செய்யும். நோக்கியாவும் இனிக்கும், அப்போது சாப்பிட்ட வடாபாவும் இனிக்கும்.

மீதிப் பாதி நிஜமான மாற்றம். இன்ஸ்டாகிராமின் வரலாற்றைத் தேதி வாரியாக வைத்துப் பாருங்கள், புரியும்.

2010 அக்டோபர்: ஐபோனில் அறிமுகம். சதுரப் படம், ஃபில்டர், அவ்வளவுதான்.
2012 ஏப்ரல்: ஆண்ட்ராய்டுக்கு வருகிறது. அதே மாதம் 100 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவிக்கிறது.
2015 ஆகஸ்ட்: சதுரம் கட்டாயமில்லை.
2016: நேர வரிசை போய், அல்காரிதம் தீர்மானிக்கும் வரிசை வருகிறது. ஆகஸ்டில் ஸ்டோரீஸ்.
2020 ஜூலை: இந்தியாவில் டிக்டாக் தடை செய்யப்பட்ட சில நாட்களில் ரீல்ஸ் இங்கே அறிமுகமாகிறது.
2021 ஜூன் 30: 'நாங்கள் இனி படம் பகிரும் ஆப் மட்டும் அல்ல' என்ற பொருளில் அதன் தலைவர் ஆடம் மொசேரியே வீடியோவில் சொல்கிறார்.
2022 ஜூலை: 'பழைய இன்ஸ்டாகிராமைக் கொடுங்கள்' என்று பயனாளர்கள் கிளம்ப, முழுத்திரை வீடியோ சோதனையை நிறுவனம் பின்வாங்குகிறது.

இந்தப் பட்டியலில் முக்கியமான வருடம் 2016. அதற்கு முன்பு நீங்கள் பின்தொடர்ந்தவர்கள் போட்ட படம், போட்ட வரிசையில் வந்தது. ஒரு கட்டத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு போனைக் கீழே வைத்தோம். இப்போது பார்த்து முடிப்பது என்ற ஒன்றே கிடையாது. உங்கள் அக்கா மகளின் பிறந்தநாள் படமும், யாரோ முன்பின் தெரியாதவரின் சமையல் வீடியோவும், ஒரு விளம்பரமும் ஒரே இடத்துக்காகப் போட்டி போடுகின்றன. போட்டியில் அக்கா மகள் அடிக்கடி தோற்கிறாள். அதனால் அக்கா படம் போடுவதையே நிறுத்திவிட்டு வாட்ஸ்அப் குடும்ப குரூப்பில் போடுகிறார்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. பழைய சேவைகள் மூன்று வேலையை ஒரே இடத்தில் செய்தன. படத்தை வேண்டியவர்களுக்குக் காட்டின. அதைச் சுற்றிப் பேச இடம் கொடுத்தன. ஆல்பமாக அடுக்கியும் வைத்தன. இன்று இந்த மூன்றும் பிரிந்துவிட்டன. ஊருக்கே காட்ட இன்ஸ்டாகிராம், வேண்டியவர்களோடு பேச வாட்ஸ்அப், சேர்த்து வைக்க கூகுள் போட்டோஸ். இதில் 'சேர்த்து வைப்பது' மட்டும் யாருமே கவனிக்காத வேலையாகிவிட்டது. போனில் 14,000 படங்கள் கிடக்கும். ஆனால் அதில் யார் யார், எங்கே, எப்போது என்று கமென்டில் எழுதிவைக்கும் சித்தப்பா மகன் அங்கே இல்லை.

எல்லாமே நல்லாத்தான் இருந்துச்சா?

இல்லை. ஏக்கம் கெட்டதை வடிகட்டிவிடும். ஆர்குட்டின் முதல் சில வருடங்களில் ஆல்பத்தைப் பூட்டும் வசதியே இல்லை. யார் வேண்டுமானாலும் உங்கள் ஸ்க்ராப்பைப் படிக்கலாம், படத்தைச் சேமித்துக்கொள்ளலாம். பெண்களின் படத்தைத் திருடிப் போலி புரொஃபைல் தொடங்குவது அப்போது சர்வசாதாரணம். அதனால்தான் நம் தோழிகள் பலரின் புரொஃபைல் படத்தில் ரோஜாப்பூவோ, ஒரு குழந்தையோ, ஏதாவது ஒரு நடிகையோ இருந்தார்கள். அது ரசனை என்று நினைத்துக்கொண்டோம். பலருக்கு அது பாதுகாப்பு.

2007 ஆகஸ்டில் அந்தேரியைச் சேர்ந்த 16 வயது மாணவர் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் ஆர்குட் பழக்கம் பேசப்பட்டபோது, மும்பை வீடுகளில் பெற்றோருக்கு அந்தத் தளத்தின் பெயரே பயமாக மாறியது. அதே ஆண்டு, தலைவர்களை இழிவுபடுத்தும் பக்கங்கள் இருப்பதாகச் சொல்லி மும்பையில் சைபர் கஃபேக்கள் தாக்கப்பட்டன. கேபிள், மெமரி கார்டு, சைபர் கஃபே காசு இதெல்லாம் இல்லாதவர்கள் அந்த ஆல்பங்களில் இல்லவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தாராவியில் ஒரே சந்தில் ஒரு வீட்டுப் பையனின் படம் இணையத்தில் இருந்தது, பக்கத்து வீட்டில் வேலைக்குப் போன பையனின் படம் இல்லை.

படங்கள் எங்கே போயின?

யாஹூ போட்டோஸ் 2007-இல் மூடப்பட்டது. படங்களை ஃப்ளிக்கருக்கோ வேறு சேவைக்கோ மாற்றிக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள். மாற்றாதவர்களின் படங்கள் போயின.

ஆர்குட் 2014 செப்டம்பர் 30-ஆம் தேதி மூடப்பட்டது. ஆல்பத்தைத் தரவிறக்கிக்கொள்ள 2016 செப்டம்பர் வரை வாய்ப்பு இருந்தது. அதற்குப் பிறகு வழியே இல்லை. பெரும்பாலும் லாகின் செய்தால்தான் பார்க்க முடியும் என்பதால், இணையப் பக்கங்களைச் சேமிக்கும் 'இன்டர்நெட் ஆர்கைவ்' போன்ற இடங்களிலும் உங்கள் ஆல்பம் கிடைக்க வாய்ப்பில்லை. 2022-இல் ஆர்குட் முகவரி மறுபடி உயிர்பெற்று, புதிதாக ஒன்று வரும் என்ற கடிதம் தெரிந்தபோது பலர் துள்ளிக் குதித்தார்கள். பழைய படங்கள் அதில் வராது.

பிகாசா வெப் ஆல்பம்ஸ் 2016 மே மாதத்திலிருந்து மூடப்பட்டு, படங்கள் கூகுள் போட்டோஸுக்கு மாறின. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. மிச்சம் மீதியைக் காட்டிய கூகுளின் ஆல்பம் ஆர்கைவ் பக்கமும் 2023 ஜூலையில் போனது.

ஃப்ளிக்கர் மட்டும் உயிரோடு இருக்கிறது, வேறு கைகளில். 2013-இல் ஆளுக்கு ஒரு டெராபைட் இலவசம் என்றது யாஹூ. 2018-இல் ஃப்ளிக்கரை வாங்கிய ஸ்மக்மக் நிறுவனம், இலவசக் கணக்குக்கு 1,000 படங்கள்தான் என்று சொல்லி, 2019-இல் அதற்கு மேல் உள்ள பழைய படங்களை அழிக்கத் தொடங்கியது. 2022 முதல் இலவசக் கணக்கில் பொதுவில் காட்டாத படங்கள் 50 மட்டுமே வைக்கலாம்.

கூகுளின் மூன்று சேவைகளின் ஆயுளை மட்டும் கணக்குப் போட்டோம். ஆர்குட் 10 வருடம் 8 மாதம். பிகாசா வெப் ஆல்பம்ஸ் 9 வருடம் 11 மாதம். கூகுள் பிளஸ் 7 வருடம் 9 மாதம். சராசரி ஒன்பதரை வருடத்துக்கும் கொஞ்சம் குறைவு.

மும்பைக்காரர்களுக்கு இதை ஒரே வரியில் விளக்கலாம். மாட்டுங்காவில் பகடி வீடு வைத்திருப்பவரை அவ்வளவு சுலபமாகக் கிளப்ப முடியாது. முன்பணம் கொடுத்துப் பல வருடம் குடியிருக்கும் அவருக்கு வீட்டில் ஓர் உரிமை உண்டு. 11 மாத லீவ் அண்ட் லைசென்ஸில் இருப்பவருக்கு அது கிடையாது. ஒப்பந்தம் முடிந்தால் சாமானைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆர்குட்டில் நாம் பகடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டோம். உண்மையில் இருந்தது லீவ் அண்ட் லைசென்ஸ். நோட்டீஸ் வந்த ஈமெயில் முகவரியையும் அதற்குள் மறந்திருந்தோம்.

தாராவிக்கு ஏன் அவசரம்?

தாராவியைத் தமிழ்நாடு அதிகம் பார்த்தது சினிமாவில். 'நாயகன்' படத்தின் தாராவி சென்னையில் போட்ட செட். அதற்காகத் தோட்டா தரணிக்கு தேசிய விருது கிடைத்தது. 'காலா'வுக்கும் சென்னையில் பெரிய செட் போட்டார்கள். உலகம் தாராவியைப் பார்த்தது 2008-இல் வந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' வழியாகவும், சுற்றுலா வந்தவர்களின் கேமரா வழியாகவும். ஃப்ளிக்கரில் தாராவி என்று தேடினால் வருவதில் கணிசமானவை வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்தவை: தகரக் கூரை, குப்பை, குழாய், வெயிலில் காயும் தோல்.

உள்ளே இருந்தவர்கள் எடுத்த படங்கள் வேறு மாதிரி. பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்று எடுத்தது, புது டிவி வந்த அன்று எடுத்தது, மாடி ஏணியில் உட்கார்ந்திருக்கும் தங்கை, பின்னால் அப்போதைய பெயிண்டோடு வீட்டுச் சுவர். இப்படிப்பட்ட படங்கள்தான் ஆர்குட்டிலும் பிகாசாவிலும் இருந்தன. வெளியாட்கள் எடுத்தது மிஞ்சியது, வீட்டுக்காரர்கள் எடுத்தது அழிந்தது.

இப்போது அந்தச் சுவர்களும் போகப்போகின்றன. 2022 நவம்பரில் தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தை ரூ. 5,069 கோடிக்கு அதானி குழுமம் வென்றது. திட்ட நிறுவனத்தில் அதானிக்கு 80 சதவீதம், மகாராஷ்டிர அரசுக்கு 20 சதவீதம். 2024 மார்ச்சில் வீடு வீடாக சர்வே தொடங்கியது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம் என்பது அறிவிக்கப்பட்ட விதி. அதற்குப் பிறகு 2011 ஜனவரி 1 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, ரூ. 2.5 லட்சத்துக்கு 300 சதுர அடி. அதற்கும் பிறகு வந்தவர்களும் மாடியில் இருப்பவர்களும் 2022 நவம்பர் 15-ஐ எல்லையாக வைத்து வாடகை-கொள்முதல் முறையில் வெளியே. இதற்கான இடங்களில் செம்பூரை அடுத்த தேவ்னார் குப்பைக் கிடங்கு நிலமும் இருக்கிறது.

தேதிகளைக் கவனியுங்கள். 2000 முதல் 2011 வரை. மெமரி கார்டும் சைபர் கஃபேயும் ஆர்குட்டும் ஆண்ட காலம் முழுக்க அதற்குள் அடங்குகிறது. அந்த வருடங்களில் தாராவிக்கு வந்து குடியேறியவர்கள்தான் வெளியே அனுப்பப்படும் வரிசையில் இருக்கிறார்கள். யாருக்குத் தகுதி என்பதை மின் கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல் மாதிரியான ஆவணங்கள் தீர்மானிக்கும், பழைய போட்டோ தீர்மானிக்காது. ஆனால் அந்தச் சந்து எப்படி இருந்தது, யார் யார் எந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தார்கள் என்பதை ரசீது சொல்லாது.

சேமிப்பது சாத்தியமா என்றால், சாத்தியம்தான். தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோக்களில் கிடந்த நூறு வருடப் படங்களை, பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணப் பாதுகாப்புத் திட்ட உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தேடிப்பிடித்து டிஜிட்டலாக்கியது. அனுஷா யாதவ் 2010-இல் மும்பையிலிருந்து தொடங்கிய 'இந்தியன் மெமரி ப்ராஜெக்ட்' குடும்பப் படங்களை அவற்றின் கதையோடு சேர்க்கிறது. யாழ்ப்பாண நூலகம் 1981-இல் எரிந்ததை மறக்காத ஈழத்தமிழர்கள் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளம் தன்னார்வலர்களாலேயே வளர்ந்தது. கண்ணாடித் தகட்டில் இருந்த கொள்ளுத்தாத்தா கிடைத்துவிடுகிறார். 2007-இன் அண்ணன்தான் கிடைப்பதில்லை.

சட்டம் கை கொடுக்குமா?

பெரிதாகக் கொடுக்காது. 2018 முதல் ஐரோப்பாவில் நடைமுறையில் உள்ள ஜிடிபிஆர் சட்டப்படி, உங்கள் தரவை எடுத்துக்கொண்டு வேறு சேவைக்குப் போவது உங்கள் உரிமை. இந்தியாவின் தரவுப் பாதுகாப்புச் சட்ட வரைவுகளிலும் அது இருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, படிப்படியாக அமலுக்கு வருகின்றன. அதன்படி, இந்தியாவில் 2 கோடி அல்லது அதற்கு மேற்பட்ட பயனாளர்கள் கொண்ட சமூக வலைத்தளங்கள், மூன்று வருடம் எட்டிப் பார்க்காதவர்களின் தனிப்பட்ட தரவை அழிக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு முன் தகவல் சொல்ல வேண்டும். உங்கள் அந்தரங்கத்தைக் காப்பதற்கான நல்ல விதிதான். ஆனால் பாஸ்வேர்டு மறந்துபோன கணக்கில் படங்கள் இருந்தால், அந்த 48 மணி நேரத் தகவல் நீங்கள் திறக்காத ஈமெயிலுக்குத்தான் போகும்.

இப்போ என்ன செய்யலாம்?

1. பழைய ஜிமெயிலுக்குள் இன்றைக்கே ஒருமுறை நுழையுங்கள். இரண்டு வருடம் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை, அதிலுள்ள படங்களோடு சேர்த்து, அழிக்கும் கொள்கையை கூகுள் 2023 டிசம்பர் முதல் அமல்படுத்துகிறது. அப்பா அம்மாவுக்கும், வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்கும் சொல்லுங்கள்.

2. அந்தக் கணக்கின் கூகுள் போட்டோஸில் 2006 முதல் 2014 வரை பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். பிகாசாவில் போட்டது அங்கே இருக்கலாம். 'கூகுள் டேக்அவுட்' வழியாக மொத்தமாக இறக்கிக்கொள்ளலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமிலும் உங்கள் தகவலைத் தரவிறக்கும் வசதி செட்டிங்ஸில் இருக்கிறது. ஃப்ளிக்கர் கணக்கு இருந்ததாக ஞாபகம் வந்தால் அதையும் தேடுங்கள்.

3. பரணில் இருக்கும் பழைய போன், மெமரி கார்டு, ஸ்டுடியோக்காரர் கொடுத்த சிடி எல்லாவற்றையும் எடுங்கள். எழுதப்பட்ட சிடி நிரந்தரம் இல்லை, வருடங்கள் போகப் போகப் படிக்க முடியாமல் போகும். ஆர்குட்டில் போட்ட படத்தின் மூலப்பிரதி பெரும்பாலும் இங்கேதான் ஒளிந்திருக்கும்.

4. மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், அதில் ஒன்று வேறு வீட்டில். மின்னணு ஆவணங்களைக் காப்பவர்கள் பின்பற்றும் எளிய சூத்திரம் இது. ஒரு பிரதி லேப்டாப்பில், ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று கிளவுடிலோ ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ இருக்கட்டும். 100 முக்கியமான படங்களைப் பிரின்ட் போட்டால் இன்னும் நல்லது.

5. குடும்ப குரூப்பில் பழைய படத்தை அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும், எடுத்த தேதி போன்ற உள்விவரங்களையும் நீக்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்புங்கள்.

6. பெயர் எழுதுங்கள். யார், எங்கே, எந்த வருடம். தாராவியில் என்றால் எந்தச் சந்து, எந்தக் கடைக்குப் பக்கத்தில் என்பது வரை. இந்தத் தகவல் உங்கள் அத்தைக்குத் தெரியும், எந்தச் செயலிக்கும் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதை போனில் பதிவு செய்தாலே போதும்.

7. அடுத்தவர் முகம் இருக்கும் படத்தைப் பொதுவில் போடுமுன் கேளுங்கள். ரோஜாப்பூவை புரொஃபைல் படமாக வைத்திருந்த தோழிக்கு அதற்கு ஒரு காரணம் இருந்தது.

ஆர்குட் திரும்ப வராது. 2016-க்கு முந்தைய இன்ஸ்டாகிராமும் வராது. வந்தாலும் நாம் அந்த வயதில் இல்லை. ஆனால் நூறு பேர் பார்த்த அந்த 12 படங்களில் ஒன்றிரண்டு ஏதாவது ஒரு டிராயரில், நோக்கியா போனின் மெமரி கார்டில் இன்னும் இருக்கலாம். தேவ்னாருக்கோ முலுண்டுக்கோ சாமான் கட்டும் நாளில் அந்த டிராயரைக் காலி செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. அதற்கு முன்னால் ஒரு கார்டு ரீடரோடு போய்த் திறந்து பாருங்கள்.